கெர்னலுக்குக் கட்டுச்சோறு

டிஸ்கி: கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான். ஆனா ப்ரோக்ராம் ஒரு வரி கூட கிடையாது. கவிதை, சமையல், சினிமான்னு எழுதுற மக்களும் தைரியமா உள்ளே வரலாம். :-)

சமயபுரத்துக்கு நடந்து போறவங்களை எங்க பாடாலூர் பக்கம் நெடுஞ்சாலையில பார்க்கலாம். இப்போ வழி நெடுக அன்னதானப் பந்தல் இருக்கு. எங்க தாத்தா காலத்துல ஏது? புளிச்சோறு கட்டி மூட்டையில வச்சுக்கிட்டுதான் கிளம்புவாங்க. அந்தக் கட்டுச்சோத்துக்கு சில குணங்கள் உண்டு. வழியில அடுப்பு மூட்ட வேண்டாம். உப்பு, காரம் எல்லாம் வீட்டிலேயே முடிவாயிடும், நடுவழியில மாத்த முடியாது. சாப்பிட்டதும் இலையைத் தூக்கிப் போட்டுட்டு நடையைக் கட்டலாம். சேர வேண்டிய இடத்துக்குப் போயிட்டா அப்புறம் அது தேவையே இல்லை.

ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னலும் இப்படி ஒரு மூட்டையைத் தூக்கிக்கிட்டுத்தான் பயணத்தை ஆரம்பிக்குது. மெமரிக்குள்ளேயே இருக்கிற, படிக்க மட்டுமே முடியற ஒரு குட்டி ஃபைல் சிஸ்டம். (தமிழ்ல "கோப்பு முறைமை"ங்கறாங்க. எனக்கு ஃபைல் சிஸ்டம்தான் வாய்க்கு வருது, மன்னிக்கவும்.) கொஞ்ச வருஷமா பொழுதுபோக்கா ஒரு சின்ன கெர்னல் எழுதிக்கிட்டு இருக்கேன். அதுக்கு இந்த மூட்டையை எப்படிக் கட்டறதுன்னு யோசிச்சப்போ, முன்னாடி யார் யார் எப்படிக் கட்டினாங்கன்னு தேடப் போய், அந்த வரலாறே பெரிய சுவாரஸ்யமாயிடுச்சு.

முதல்ல சிக்கல் என்னன்னு பார்ப்போம். கம்ப்யூட்டரை ஆன் பண்றோம். பூட் லோடர் கெர்னலைத் தூக்கி மெமரியில போடுது. கெர்னல் கண்ணை முழிச்சதும் ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கணும். படிக்க டிரைவர் வேணும். அந்த டிரைவர் எங்கே இருக்கு? ஹார்ட் டிஸ்க்குல ஒரு ஃபைலா இருக்கு! வீட்டைப் பூட்டி சாவியை உள்ளேயே வச்ச கதை. எல்லா டிரைவரையும் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துட்டா என்னன்னு கேட்கலாம். 1990கள்ல ஸ்கஸி கார்டு மட்டுமே கம்பெனிக்கு ஒரு ரகம். கெர்னல் போக வேண்டியதோ 1.44 எம்பி ஃப்ளாப்பியில. எல்லாத்தையும் சேர்த்தா ஃப்ளாப்பி தாங்காது. பத்தாக்குறைக்கு ஒரு கார்டைத் தேடற டிரைவர் இன்னொரு கார்டைக் குழப்பி மெஷினையே நிறுத்திடும்.

இந்த மெமரி ஐடியா லினக்ஸ்ல பிறந்தது இல்லை. 1987ல ஆம்ஸ்டர்டாம்ல ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்தறதுக்காக எழுதின மினிக்ஸ்ல ஏற்கெனவே உண்டு. ஹார்ட் டிஸ்க்கே இல்லாத பிசிக்கள் நிறைய இருந்த நேரம் அது. பூட் ஃப்ளாப்பியில இருந்து கெர்னல் ஏறினதும், ரூட் ஃப்ளாப்பியைப் போடச் சொல்லும். அதை அப்படியே மெமரிக்குள்ள ஒரு ரேம் டிஸ்க்கா காப்பி பண்ணிக்கும். டிரைவ் காலியாயிடும், இப்போ அடுத்த ஃப்ளாப்பியைப் போடலாம். ஒரே ஒரு டிரைவ் வச்சிருக்கிற ஏழைக்கு ஏத்த எள்ளுருண்டை. 1991 டிசம்பர்ல லினக்ஸுக்கும் ஒரு ரேம் டிஸ்க் டிரைவர் வந்துடுச்சு. எழுதினவர் தியோடர் சோ. லினக்ஸ் பிறந்து அப்போ மூணு நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

ஆனா இதெல்லாம் முழு ஃபைல் சிஸ்டத்தையும் மெமரிக்குக் கொண்டு வர்ற கதை. கொஞ்ச நேரம் மட்டும் வாழ்ந்து, நிஜ டிஸ்க்கைக் கண்டுபிடிச்சுக் கையில ஒப்படைச்சுட்டுப் போற கட்டுச்சோறு 1996லதான் வந்தது. வெர்னர் ஆல்மஸ்பெர்கரும் ஹான்ஸ் லெர்மனும் எழுதினது. பேர் இனிட்ஆர்டி, அதாவது ஆரம்ப ரேம் டிஸ்க். பூட் லோடர் கெர்னலோட சேர்த்து இந்த மூட்டையையும் மெமரியில வைக்கும். கெர்னல் அதைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற ஒரு சின்ன ப்ரோக்ராமை ஓட்டும். அது சரியான டிரைவரை ஏத்தி, நிஜமான ரூட்டைக் கண்டுபிடிச்சு, "இனி நீ பாத்துக்கோ"ன்னு விலகிடும்.

சரி, மூட்டைக்குள்ளே சோத்தை எப்படி அடுக்கறது? என்னைக் கேட்டா இந்த வரலாற்றோட கதாநாயகன் இங்கேதான் வர்றார். 1997ல யானோஸ் ஃபார்கஸ்ங்கறவர் லினக்ஸுக்குக் கொடுத்த ரோம்எஃப்எஸ். எப்பவும் நடக்கிற மாதிரி, நாயகனைப் பத்தி யாரும் பேசறதில்லை.

இதோட அழகு, இதுல என்னவெல்லாம் இல்லைங்கறதுதான். யார் ஃபைலுக்குச் சொந்தக்காரன்னு குறிப்பு இல்லை, எல்லாம் ரூட் யூசருக்குத்தான். தேதி, நேரம் இல்லை. எல்லா ஃபைலும் 1970 ஜனவரி 1, நம்ம ஊர் நேரப்படி காலை 5:30க்குப் பிறந்ததா காட்டும். எந்த இடம் காலின்னு சொல்ற பட்டியல் இல்லை, எழுதப் போறதே இல்லைன்னா காலி இடம் எதுக்கு? ஒரு ஃபைலுக்குத் தலைப்பு மொத்தமே நாலு எண்கள், 16 பைட். அடுத்த ஃபைல் எங்கே, கூடுதல் விவரம், அளவு, சரிபார்ப்புக் கூட்டுத்தொகை. அப்புறம் பேர். அப்புறம் சரக்கு. அவ்வளவுதான்.

அந்த முதல் எண்ல ஒரு குறும்பு இருக்கு. ரோம்எஃப்எஸ்ல எல்லாமே 16ன் மடங்குலதான் ஆரம்பிக்கும். 16ன் மடங்கா இருக்கிற எந்த எண்ணையும் பைனரியில எழுதினா கடைசி நாலு இடம் எப்பவும் பூஜ்யமாத்தான் இருக்கும். சும்மா கிடக்கிற இடம்! இது ஃபைலா ஃபோல்டரா இல்லை வேற ஏதாவதான்னு சொல்ல மூணு பிட், ஓட்டக்கூடிய ப்ரோக்ராமான்னு சொல்ல ஒரு பிட். நாலும் அங்கேயே உட்கார்ந்துக்கும். பஸ்ல படிக்கட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஒத்தை சீட்டைக் கூட விடாத கண்டக்டர் மாதிரி. அதே போல ஒவ்வொரு ஃபைலுக்கும் கெர்னலுக்கு ஒரு அடையாள எண் வேணும். வழக்கமா அதுக்குத் தனி அட்டவணை வைப்பாங்க. இதுல தலைப்பு எந்த இடத்துல இருக்கோ அந்த இடமே எண். அட்டவணையே கிடையாது.

பலன்? லினக்ஸ் ஆவணத்துலயே ஒரு கணக்கு கொடுத்திருக்காங்க. அந்தக் காலத்து மினிக்ஸ் ஃபைல் சிஸ்டத்தோட டிரைவர் 20,000 பைட்டுக்கு மேல, ரோம்எஃப்எஸ் டிரைவர் சுமார் 4,000 பைட். ஒரு ரெஸ்க்யூ டிஸ்க்கை எக்ஸ்ட்2ல வச்சப்போ 3,202 பிளாக், ரோம்எஃப்எஸ்ல 3,079 பிளாக். இரண்டாவது கணக்குல பெரிசா மிச்சம் ஒண்ணும் இல்லை, ஒத்துக்கணும். நிஜமான மிச்சம் டிரைவர்லதான்.

ஏன் இவ்வளவு சின்னதாக முடியுது? இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். ஃபைல் சிஸ்டத்துல கஷ்டமான வேலை எல்லாமே எழுதறதால வர்றதுதான். ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா யாரை நிறுத்தறது? ஃபைல் வளர்ந்தா பக்கத்துல இடம் இல்லாம எங்கே வைக்கிறது? பாதி எழுதும்போது கரண்ட் போனா? இந்தக் கடைசிக் கேள்வி ஒண்ணுக்கே ஜர்னல் அது இதுன்னு ஆயிரக்கணக்கான வரி எழுதி வச்சிருக்காங்க. படிக்க மட்டும்னு முடிவு பண்ணிட்டா அத்தனை கேள்வியும் கெர்னலை விட்டுட்டு, மூட்டையைக் கட்டற ப்ரோக்ராமுக்குப் போயிடுது. அது நம்ம மெஷின்ல நிதானமா, முன்னாடியே ஓடற ப்ரோக்ராம். தப்பு வந்தா திரும்ப ஓட்டிக்கலாம்.

கரண்ட் விஷயத்தை எங்க பக்கத்து ஆளுங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2012ல இங்கே கரண்ட் இருந்த நேரத்தை எண்றது சுலபம், இல்லாத நேரத்தை எண்றதுதான் கஷ்டம். யூபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்காது. டிஸ்க்குல எழுதிக்கிட்டே இருக்கிற சிஸ்டம் ஒவ்வொரு தடவையும் "செக் பண்றேன், செக் பண்றேன்"னு கால் மணி நேரம் இழுக்கும். சிடியில இருந்து ஓடற லினக்ஸுக்கு அந்தக் கவலையே இல்லை. கரண்ட் வந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து நிக்கும். ஜெர்மனியில க்ளாஸ் க்னாப்பர் 2000ல வெளியிட்ட க்னாப்பிக்ஸ்தான் அதுல பிரபலம். 700 எம்பி சிடிக்குள்ள சுமார் 2 ஜிபி சரக்கை அமுக்கி வச்சிருப்பார். படிக்க மட்டும்ங்கறதாலதான் அவ்வளவு அமுக்க முடியுது. அமுக்கின மூட்டைக்கு நடுவுல ஒரு வரியை மாத்தணும்னா மொத்தத்தையும் பிரிச்சு அடுக்கணும் இல்லையா?

இந்த அமுக்கற வேலையை லினஸ் டோர்வால்ட்ஸே 1999-2000 வாக்குல செஞ்சு பார்த்தார். க்ராம்எஃப்எஸ். ஒரு பக்கம் ஒரு பக்கமா அமுக்கும். ஒரு ஃபைல் 16 எம்பிக்கு மேல போகாது, மொத்தமும் 256 எம்பியைச் சுத்தித்தான். தலைப்புல அந்த எண்களுக்கு அவ்வளவு பிட்தான் ஒதுக்கியிருக்கார். பத்து வருஷம் கழிச்சு யாருக்காவது பத்தாம போகுமேன்னு கவலைப்பட்ட மாதிரியே தெரியலை. எனக்கு இந்த மனசு ரொம்பப் பிடிக்கும். 2005ல வந்த டெபியன் சார்ஜ் வரைக்கும் டெபியனோட இனிட்ஆர்டி இந்த க்ராம்எஃப்எஸ்தான். 2002ல பிலிப் லௌகர் வெளியிட்ட ஸ்குவாஷ்எஃப்எஸ் இந்த எல்லைகளை எல்லாம் உடைச்சது. ஆனா அது லினக்ஸ் கெர்னலுக்குள்ள சேர 2009 ஆயிடுச்சு.

இதுக்கு நடுவுல 2002ல ஒரு திருப்பம். இனிட்ஆர்டியில ஒரு அசட்டுத்தனம் இருந்தது. மெமரியில ஒரு போலி டிஸ்க். அதைப் படிக்கிற கெர்னல், நிஜ டிஸ்க்குன்னு நினைச்சு, வேகத்துக்காக இன்னொரு காப்பியை மெமரியிலேயே எடுத்து வச்சுக்கும்! ஒரே சோறு ரெண்டு இலையில. ஆல் விரோ அதை மாத்தினார். போலி டிஸ்க்கே வேண்டாம், ஒரு சாதாரண ஆர்க்கைவை எடுத்துட்டு வா, கெர்னல் அந்த இரண்டாவது இலையிலேயே நேரா பரிமாறிக்கும். இதுதான் இனிட்ராம்எஃப்எஸ். இதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச டார் வேணுமா, பலர் மறந்துபோன சிபிஐஓ வேணுமான்னு கேள்வி வந்தப்போ, டார் அசிங்கமா இருக்குன்னு சொல்லி அவர் சிபிஐஓவை எடுத்துக்கிட்டார். டார் காந்த டேப்புக்காகப் பிறந்தது. எல்லாமே 512 பைட் கட்டைகள். நாலு வரி ஃபைலுக்கும் தலைப்புக்கு ஒரு கட்டை, சரக்குக்கு ஒரு கட்டை. சிபிஐஓவுக்கு 110 பைட் தலைப்பு போதும், எண்கள் எழுத்து வடிவத்துல இருக்கிறதால எந்த மெஷின்லயும் ஒரே மாதிரி படிக்கலாம். இன்னிக்கு வரைக்கும் லினக்ஸ்ல அதுதான் ஓடுது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கும். ஆரம்ப வருஷங்கள்ல வந்ததுல விண்டோஸோட கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையா வச்சு 2007ல வெளியிட்ட நம்ம ஊர் லினக்ஸ். எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கும் ஒண்ணு வந்தது. பாட்டுக்கும் படத்துக்கும் இடம் பத்தலைன்னு பாஸ் பக்கம் போய், பூட் ஃபோல்டர்ல பெரிசா இருந்த ஒரு ஃபைலைத் தூக்கிட்டான். மறுநாள் ஓடி வந்தான். "அண்ணே, கெர்னல் பேனிக்னு வருதுண்ணே, லேப்டாப் செத்துப் போச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு."

திரையில இருந்ததோட சாரம், ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியலைங்கறதுதான். கட்டுச்சோத்து மூட்டையைத் தூக்கிட்டான், வேற ஒண்ணும் இல்லை. டிஸ்க் நல்லா இருக்கு, அவன் படமும் பாட்டும் பத்திரமா இருக்கு, கெர்னலும் இருக்கு. நடுவுல பாலம் மட்டும் காணோம். பாஸ் டிவிடியில இருந்து மெஷினை எழுப்பி, உள்ளே போய், மூட்டையைத் திரும்பக் கட்டச் சொல்லி ஒரு கட்டளை. ரெண்டு நிமிஷ வேலை. அவனை உட்கார வச்சு அந்த மூட்டையைப் பிரிச்சுக் காட்டினேன். உள்ளே சின்னச் சின்ன ஃபோல்டர், டிரைவர்கள், ஆரம்பிக்கிற ஸ்க்ரிப்ட், எல்லாம் கண்ணால படிக்கலாம். "இவ்வளவுதானாண்ணே?"ன்னு கேட்டான்.

எனக்கு உறுத்தறது அந்த "இவ்வளவுதானா"தான். லட்சக்கணக்கான பிள்ளைங்க கையில ஒரு முழு கெர்னலும், அது எப்படி எழுந்திருக்குதுங்கற ரகசியமும், பிரிச்சுப் பார்க்க உரிமையோட போய்ச் சேர்ந்தது. நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலானவங்க பண்ணின முதல் வேலை, அதை அழிச்சுட்டு முழுசும் விண்டோஸ் போட்டுக்கிட்டதுதான். பிள்ளைங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். பிரிச்சுக் காட்ட ஆள் இல்லாத பொட்டலம் அது.

சரி, என் கெர்னலுக்கு வர்றேன். ஹாபியா கெர்னல் எழுதறவங்க பலரும் ஜேம்ஸ் மொல்லாயோட பாடத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அதுல வர்ற மூட்டை ரோம்எஃப்எஸ்ஸை விட எளிமை. முதல்ல எத்தனை ஃபைல்னு ஒரு எண். அப்புறம் சரியா 64 தலைப்பு இருக்கிற அட்டவணை. ஒவ்வொண்ணுலயும் ஒரு அடையாள பைட், 64 எழுத்துப் பேர், ஆரம்பிக்கிற இடம், நீளம். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் கிடையாது. கூட்டிப் பார்த்தா 1+64+4+4, 73 பைட் வரணும். ஆனா கம்பைலர் 4ன் மடங்குல நிறுத்தணும்னு நடுவுல மூணு பைட் காலியா விட்டு 76 ஆக்கிடும். மூட்டை கட்டற ப்ரோக்ராமும் கெர்னலும் ஒரே மாதிரி விட்டா பிரச்சினை இல்லை. ஒண்ணு விட்டு ஒண்ணு விடாம போனா, முதல் ஃபைலோட எண்கள்ல இருந்தே எல்லாம் மூணு மூணு பைட்டா நழுவும். அதனால என் தலைப்புல எண்களை முன்னாடி வச்சு, பேரைக் கடைசியில வச்சேன். 64 பைட்டுக்குள்ள எல்லாம் அடங்கற மாதிரி பேருக்கு 48 எழுத்து. காலி இடமே விழாது.

கெர்னல் பக்கம் மூணே மூணு வேலைதான். பேரைச் சொன்னா எண்ணைச் சொல்லு, எண்ணைச் சொன்னா படிச்சுக் கொடு, வரிசையா என்னென்ன இருக்குன்னு சொல்லு. எழுதச் சொன்னா "முடியாது"ங்கற பதில். படிக்கிறதுக்கு டிஸ்க்கும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். கேட்ட இடம் ஃபைலோட முடிவைத் தாண்டுதான்னு பார்த்து, தாண்டினா வெட்டி, மிச்சத்தைக் காப்பி பண்ணினா முடிஞ்சது. பேரைத் தேட ஒவ்வொண்ணா ஒப்பிட்டுக்கிட்டே போறேன். 20 ஃபைலுக்கு ஹாஷ் டேபிள் எழுதறது பூனைக்குட்டிக்கு யானைச் சங்கிலி.

சோம்பல் படக் கூடாத இடம் ரெண்டு. ஒண்ணு, பூட் லோடர் மூட்டையை வச்ச மெமரியைக் கெர்னலோட மெமரி மேனேஜர் "காலி இடம்"னு நினைச்சு வேற யாருக்காவது கொடுத்துடக் கூடாது. 1995ல வந்த மல்டிபூட் விதிப்படி மூட்டை எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு பூட் லோடர் சொல்லிடும். மத்த எந்த வேலைக்கும் முன்னாடி அந்தப் பக்கங்களை ரிசர்வ் பண்ணிடணும். ரெண்டாவது, மூட்டையை நம்பக் கூடாது. ஆரம்பம் கூட்டல் நீளம் மூட்டைக்கு வெளியே போகுதா, பேருக்கு முடிவு இருக்கா, எல்லாத்தையும் ஆரம்பத்துலயே ஒரே தடவை சரிபார்த்துட்டா போதும். மாறவே மாறாத சரக்குங்கறதால, ஒருக்கா பார்த்தது கடைசி வரைக்கும் செல்லும். எழுதக்கூடிய ஃபைல் சிஸ்டத்துக்கு இந்த நிம்மதி கிடையாது.

இதெல்லாம் பழைய கதைன்னு யாராவது நினைச்சா, சுத்தி ஒரு பார்வை பார்க்கலாம். எம்ஐடியோட பாட கெர்னல் எக்ஸ்வி6ல, டிஸ்க் இமேஜைக் கெர்னலோடயே ஒட்டி மெமரியில வச்சு ஓட்டற ஒரு வகை இருந்தது. அதே எக்ஸ்வி6ஐ வச்சு சென்னை ஐஐடி என்பிடெல்ல பாடமே நடத்தியிருக்காங்க. அதே ஐஐடியில உருவான சக்தி ப்ராசஸர் 2018ல லினக்ஸை எழுப்பினது செய்தியாச்சு. புதுசா பிறந்த சிப்புக்கு டிஸ்க் டிரைவர் எல்லாம் அப்புறம்தான். மெமரியில ஒரு சின்ன மூட்டையை வச்சுக்கிட்டு ஒரு ஷெல் வருதான்னு பார்க்கிறதுதான் அந்தத் துறையில வழக்கம். கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போன்லயும் சிஸ்டம் பகுதி படிக்க மட்டும்தான். 2019ல லினக்ஸுக்குள்ள முறையா சேர்ந்த ஈரோஎஃப்எஸ்ஸைப் பல போன்கள் அதுக்குப் பயன்படுத்துது.

என் மூட்டையில இப்போதைக்கு ஏழு ஃபைல். ஒரு ஷெல், ஒரு எழுத்துரு, ஒரு வரவேற்பு வாசகம், மிச்சம் சோதனைக்கு. எழுத்துருவுல தமிழ் இருக்கு. "கொ" எழுதும்போது கொம்பு முன்னாடி வரணும், கால் பின்னாடி வரணும், அது இன்னும் கெர்னலுக்குப் புரிய மாட்டேங்குது. அந்தக் கூத்தை அடுத்த பதிவுல எழுதறேன். சிபிஐஓதான் சரி, ரோம்எஃப்எஸ் எல்லாம் சும்மான்னு நினைக்கிறவங்க பின்னூட்டத்துல சண்டைக்கு வரலாம். :-)